விதி தெரியாத ஆட்டம்

2018-ஆம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி லண்டனிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு வெளிவந்தது. அதன் பின்னால் முக்கியமாக இருந்தவர்கள் இரண்டே பேர். அலெக்ஸிஸ் கென்னடி என்ற எழுத்தாளர் ஒருவர். லாட்டி பெவன் என்ற பெண்மணி மற்றவர். தங்கள் சின்னஞ்சிறு ஸ்தாபனத்துக்கு 'வெதர் ஃபாக்டரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். விளையாட்டின் பெயர் 'கல்டிஸ்ட் சிமுலேட்டர்'. ரகசிய வழிபாட்டுக் கூட்டம் ஒன்றைச் சேர்த்து நடத்துகிறவனாகப் பாவனை செய்து ஆடுவது என்று அதற்குப் பொருள் சொல்லலாம். சுடுவது, ஓடுவது, குதிப்பது ஒன்றும் இதில் கிடையாது. ஒரு மேஜை, அதன்மேல் சீட்டுகள், சீட்டை வைக்கச் சில சதுரக் கட்டங்கள். எப்படி ஆடுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. இந்தக் கடைசிக் காரியத்தினால் அன்று மூண்ட சண்டை, ஆடினவர்களிடையே இன்னும் முழுக்க ஓயவில்லை.

ஆடினவர்களின் அபிப்பிராயங்களைக் கொஞ்ச நாளாகச் சிரத்தையுடன் படித்து வருகிறேன். புத்தக விமர்சனங்களைவிட இவை ருசியாக இருக்கின்றன. புத்தக விமர்சகருக்கு நாசூக்கு என்று ஒன்று உண்டு. காசு கொடுத்து வாங்கி, இருபது மணி நேரம் உட்கார்ந்து ஆடி, கடைசியில் தோற்று எழுந்தவனுக்கு அது எங்கிருந்து வரும்? ஒரு கோஷ்டி சொல்கிறது: இது விளையாட்டல்ல, குமாஸ்தா வேலை, நாளெல்லாம் ஆபீஸில் செய்ததையே ராத்திரி வீட்டிலும் செய்யக் காசு கொடுத்திருக்கிறோம். இன்னொரு கோஷ்டி, இருட்டில் தடவித் தடவிக் கண்டுபிடிப்பதுதான் இதன் உயிர் என்கிறது. சொல்லிக் கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்கிறது. மூன்றாவது கோஷ்டிக்கு எழுத்து அபாரம், ஆட்டம் அலுப்பு. சீட்டுகளின் அடியில் எழுதியிருக்கும் இரண்டு மூன்று வரிகளைப் படிப்பதற்காகவே அந்த அலுப்பையெல்லாம் பொறுத்துக்கொண்டதாக இவர்கள் சொல்கிறார்கள். என் அனுதாபம் இயல்பாகவே இந்த மூன்றாவது கோஷ்டியின்மேல்தான். ஆனால் நியாயம் எந்தப் பக்கம் என்பது வேறு விஷயம்.

இந்தச் சண்டை 2018-ல் தொடங்கியதல்ல. சுமார் இரண்டரை நூற்றாண்டு வயதுள்ளது என்பது என் கட்சி. ஆட்டத்தின் ஒழுங்குக்கும் விதி என்றுதான் பெயர். தலையில் எழுதியிருப்பதாகச் சொல்வதற்கும் விதி என்றுதான் பெயர். இந்த இரண்டு அர்த்தத்துக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பதை நான் வெகுகாலம் தற்செயல் என்றே நினைத்திருந்தேன். சீட்டுக்கட்டின் சரித்திரத்தைப் படித்த பிறகு, அந்த ஒரு சொல்லில் ஒரு கதையே அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. முதல் அர்த்தத்தில் விதி தெரியாமல் போகும்போதெல்லாம், மனிதர்கள் சீட்டில் இரண்டாவது விதியைத் தேட ஆரம்பித்திருக்கிறார்கள்.

முதலில் விளையாட்டைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிட வேண்டும். காலம் 1920-கள். ஆட்டம் தொடங்கும்போது உங்களிடம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை என்று ஒரு சீட்டு. 'வேலை' என்று ஒரு கட்டம். சீட்டைக் கட்டத்தில் போட்டால் ஒரு கடிகாரம் ஓடி, சில விநாடிகளில் கொஞ்சம் காசுச் சீட்டு வருகிறது. அந்த வேலையும் சீக்கிரத்தில் போய்விடுகிறது. பிறகு உடல்நலம், அறிவு, ஆர்வம் என்று சீட்டுகள் சேர்கின்றன. கனவு, படிப்பு, பேச்சு, தேடல் என்று கட்டங்கள் ஒவ்வொன்றாக முளைக்கின்றன. எந்தச் சீட்டை எந்தக் கட்டத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதை வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உடல்நலத்தை 'வேலை'யில் போட்டால் கூலி வேலை. காசு வரும், சில சமயம் அடியும் படும். ஆர்வத்தைப் போட்டால் படம் வரையலாம். அறிவு இருந்தால் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேரலாம். அங்கே ஆல்டன் என்று ஒரு மேலதிகாரி. அவர் அதட்டுவதும், கூடுதல் நேரம் வேலை வாங்குவதும் எந்த ஊர் ஆபீஸிலும் இருந்தவர்களுக்குப் பழக்கமான சங்கதிகள்தாம்.

இவை எல்லாவற்றுக்கும் நடுவே 'காலம் கழிகிறது' என்று ஒரு கட்டம் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நிமிஷத்துக்கு ஒரு தடவை அது உங்கள் மேஜையிலிருந்து ஒரு காசுச் சீட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். வாடகைக்கா, சோற்றுக்கா என்று அது சொல்வதில்லை. காசு இல்லையென்றால் பசி வரும். பசி முற்றினால் உடல்நலம் நோயாக மாறும். இருக்கிற உடல்நலமெல்லாம் இப்படிக் கரைந்துபோனால் ஆள் செத்துப்போவான். என் முதல் ஆள் இப்படித்தான் போனான். பரலோகத்து ரகசியங்களைத் தேடப் புறப்பட்டவன், புத்தகக் கடையில் இருந்த காசையெல்லாம் கொட்டிவிட்டுப் பட்டினியில் மடிந்தான். எழுத்தாளர்களுக்கு இது ஒன்றும் புதிய கதையல்ல.

அந்தப் புத்தகக் கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்லண்ட் என்ற அம்மாளின் பெயரில் நடக்கும் கடை. காசை நீட்டினால் ஏதாவதொரு பழைய புத்தகம் கிடைக்கும். சிலவற்றை அப்படியே படிக்கலாம். சிலவற்றைப் படிக்க லத்தீனோ கிரேக்கமோ சம்ஸ்கிருதமோ முதலில் கற்றுக்கொண்டாக வேண்டும். படித்தால் ஒரு துணுக்கு வித்தை சேரும். விளக்கு, உலைக்களம், கத்திமுனை, குளிர்காலம், இதயம், கிண்ணம், அந்துப்பூச்சி, கதவு தட்டுதல் என்று வித்தைகளுக்குப் பெயர். இவற்றுக்குப் பின்னால் 'வேளைகள்' என்று அழைக்கப்படும் தெய்வங்கள். ஆளைச் சேர்த்து, சடங்கு செய்து, கனவில் ஒரு மாளிகையின் வாசல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போகலாம். ஒவ்வொரு வாசலிலும் மூன்று சீட்டு விரிக்கப்படும். ஒன்று முகம் காட்டும், இரண்டு கவிழ்ந்திருக்கும். தெரிந்ததை எடுப்பதா, தெரியாததை எடுப்பதா? இந்த ஒரு இடத்தில் முழு விளையாட்டின் சுபாவமும் தெரிந்துவிடுகிறது.

இனிச் சரித்திரத்துக்கு வருகிறேன்.

ஐரோப்பாவுக்குச் சீட்டுக்கட்டு வந்தது பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1377-லேயே ஃப்ளாரன்ஸ் நகரத்தார் அதற்குத் தடை போட்டுவிட்டார்கள். வந்து இறங்கினவுடனே தடை என்றால், ஜனங்கள் எவ்வளவு ஆசையாக ஆடியிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். 1423-ல் பொலோன்யா நகரில் பெர்னார்டினோ என்ற சன்னியாசி செய்த பிரசங்கத்தைக் கேட்டு ஊரார் தங்கள் சீட்டுகளைக் கொண்டுவந்து நெருப்பில் போட்டதாகச் சொல்வார்கள். அவர்கள் பயந்தது சூதுக்கு, பிசாசுக்கு அல்ல. சீட்டில் மர்மம் எதுவும் இருப்பதாக அப்போது யாரும் நினைக்கவில்லை.

1440-ஐ ஒட்டி வட இத்தாலியில் ஒரு புது வகைக் கட்டு தோன்றியது. வழக்கமான நாலு இனங்களோடு இருபத்திரண்டு விசேஷப் படங்களைச் சேர்த்து எழுபத்தெட்டுச் சீட்டு. சக்கரவர்த்தி, போப்பாண்டவர், சக்கரம் சுற்றும் அதிர்ஷ்ட தேவதை, மரணம், பிசாசு, சூரியன், சந்திரன் என்று அந்தப் படங்கள். மிலான் பிரபுக்களுக்காகப் பொன்தகடு ஒட்டித் தீட்டிய கட்டுகளில் சில இன்றும் காட்சிச்சாலைகளில் இருக்கின்றன. பார்த்தால் ஏதோ மந்திர சாஸ்திரம் போலத்தான் இருக்கும். ஆனால் அவற்றின் உபயோகம், நம் ஊர்த் திண்ணையில் துருப்பு வெட்டி ஆடுகிறோமே, அதேதான். பிசாசு ஒரு துருப்பு. சூரியன் அதைவிடப் பெரிய துருப்பு. இதுதான் டாரட் என்று பின்னால் பெயர் பெற்றது. சுமார் முந்நூற்று நாற்பது வருஷம் அது வெறும் ஆட்டமாகவே இருந்தது.

பிறகு 1781-ல் பாரிஸில் ஒரு வேடிக்கை நடந்தது. அன்ட்வான் கூர் த ஜெபெலன் என்று ஒரு படித்த மனிதர். பாதிரிமார் வம்சம்; ஆதி உலகத்தைப் பற்றிப் பல பாகங்களாகப் பெரிய நூல் ஒன்று எழுதிக்கொண்டிருந்தவர். அவர் ஒரு சீமாட்டியின் வீட்டுக்குப் போனபோது, வெளிதேசத்திலிருந்து வந்த அந்த அம்மாள் டாரட் ஆடிக்கொண்டிருந்தாள். தெற்குப் பிரான்ஸிலும் ஸ்விட்ஸர்லாந்திலும் ஜெர்மனியிலும் சாதாரணமாக ஆடப்பட்ட அந்த ஆட்டம் பாரிஸ்காரர்களுக்கு அப்போது அநேகமாகத் தெரியாது. சீட்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்த கனவான், கால் மணி நேரத்துக்குள் அவற்றின் ரகசியத்தைத் தாம் கண்டுபிடித்துவிட்டதாகத் தாமே எழுதியிருக்கிறார்: இது பண்டைய எகிப்தியரின் ஞானநூல்! எதிரிகள் அழித்துவிடாதபடி சீட்டாட்டமாக வேஷம் போட்டு உலகத்தில் உலவவிடப்பட்டிருக்கிறது!

எகிப்திய எழுத்தைப் படிக்க அன்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஷாம்போலியன் அதன் சூட்சுமத்தை அவிழ்த்தது 1822-ல். அவிழ்த்த பிறகு, சீட்டுக்கட்டைப் பற்றிய தடயம் அதில் ஒன்றும் அகப்படவில்லை. அதற்குள் நாற்பது வருஷம் ஓடிவிட்டதே! எட்டெய்லா என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர் 1785-லேயே டாரட் வைத்து ஜோசியம் பார்ப்பதற்குப் புத்தகம் போட்டுவிட்டார். அதன் பிறகு வந்தவர்கள் எபிரேய எழுத்துகளோடு முடிச்சுப் போட்டார்கள், கிரகங்களோடு போட்டார்கள்.

இந்தப் பாரிஸ் காட்சியைப் பல தடவை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாள் ஆடிக்கொண்டிருக்கிறாள். விதிகள் அவளுக்குத் தெரியும். எந்தப் படம் எதை வெட்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்காததனால் ஒரு சாஸ்திரமே பிறந்துவிட்டது. இதில் கேலிக்கு இடம் உண்டு என்றாலும், எனக்கு முழு மனத்தோடு கேலி செய்ய வரவில்லை. தெரியாத படத்தைக் கண்டதும் அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கத்தான் வேண்டும் என்று மனசு துடிக்கிறதே, அந்தத் துடிப்பில்லாமல் என் தொழிலே நடக்காது.

1888-ல் லண்டனில் 'பொன் வைகறை' என்ற ரகசிய சங்கம் ஏற்பட்டது. கவி யேட்ஸ்கூட அதில் சேர்ந்திருந்தார். அதே சங்கத்தைச் சேர்ந்த வெயிட் என்பவர் யோசனை சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியப் பெண் வரைய, 1909-ல் ரைடர் கம்பெனி ஒரு டாரட் கட்டு வெளியிட்டது. இன்று உலகமெங்கும் ஜோசியக்காரர் மேஜையில் இருப்பது பெரும்பாலும் அந்தப் படங்களோ அவற்றின் பிரதிகளோதான். வரைந்தவருக்குக் கிடைத்தது என்ன? பெரிய வேலை, அற்பக் கூலி என்ற அர்த்தத்தில் அவரே ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 1951-ல் கார்ன்வாலில் ப்யூட் என்ற சிற்றூரில் கடனோடு செத்தார். இருந்த சாமான்களை ஏலம் போட்டுக் கடனைக் கழித்தார்கள். அதிர்ஷ்டச் சக்கரத்தை வரைந்த கைக்கு இந்தக் கதி. 'காலம் கழிகிறது' கட்டம் காசை எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் எனக்கு இந்த அம்மாள் ஞாபகம் வருகிறது.

சீட்டின் கதை இது. பயங்கரத்தின் கதை அமெரிக்காவில் நடந்தது. பிராவிடென்ஸ் என்ற ஊரில் 1890-ல் பிறந்த லவ்கிராஃப்ட் என்பவர்தான் பிரபஞ்ச பயங்கரம் என்று இப்போது சொல்லப்படும் கதைவகைக்குத் தலைமகன். பேய்க் கதையில் பேய்க்கு நம்மேல் ஏதோ பகை இருக்கும். பழி வாங்க வரும். லவ்கிராஃப்டின் பூதங்களுக்கு நாம் இருப்பதே தெரியாது. நட்சத்திர வெளியின் ஆழத்தில் கிடக்கிற அந்தப் பிரமாண்டங்களுக்கு மனித ஜாதி ஒரு பொருட்டே இல்லை என்பதுதான் பயம். 1924-ல் கல்யாணம் செய்துகொண்டு நியூயார்க் போனார். இரண்டு வருஷம் அலைந்தும் உத்தியோகம் கிடைக்கவில்லை. அந்த நகரத்தில் கண்ட வெளிதேசத்து ஜனங்களைப் பற்றி அவர் எழுதியிருக்கும் துவேஷம் படிக்கச் சகிக்காது. அதை மழுப்பிப் பேசுவதில் பிரயோஜனமில்லை. 1926-ல் ஊர் திரும்பி 'கதுல்ஹூவின் அழைப்பு' என்ற கதையை எழுதினார். 'வியர்ட் டேல்ஸ்' பத்திரிகை ஆசிரியர் முதலில் திருப்பி அனுப்பிவிட்டுப் பிறகு மனம் மாறி 1928-ல் வெளியிட்டார். பிறர் எழுதிய கதைகளைத் திருத்திக் கொடுத்து வயிறு வளர்த்த இந்த மனிதர் 1937-ல் தமது நாற்பத்தாறாம் வயதில் வறுமையில் இறந்தார்.

அவர் மறைந்த பின் நண்பர்கள் கதைகளைப் புத்தகமாக்கினார்கள். 1981-ல் கேயாஸியம் என்ற கம்பெனி அவற்றை வைத்து, ஆளுக்கொரு வேஷம் ஏற்றுப் பேசி ஆடும் ஆட்டம் ஒன்று கொண்டுவந்தது. அதில் சித்த சுவாதீனத்துக்கு மதிப்பெண் உண்டு. பூதத்தைக் கண்டால் பகடை உருட்டி இத்தனை புள்ளி கழித்துக்கொள்ள வேண்டும். பைத்தியத்துக்குக் கணக்கு வைத்தது இந்த ஆட்டத்தின் சாமர்த்தியம். 2016-ல் 'ஆர்காம் ஹாரர்' சீட்டாட்டம் வந்தது. இது நிஜச் சீட்டு. கூட்டாளிகளோடு மேஜையில் ஆடுவது. கற்றுக்கொள்ள ஒரு கையேடு, சந்தேகம் வந்தால் புரட்ட இன்னொரு கையேடு என்று பெட்டியிலேயே வைத்திருந்தார்கள். அதை ஆடினவர்களின் குறையும் வேறு வகை: ஒரு பெட்டி இரண்டு பேருக்குத்தான் காணும், நாலு பேர் ஆட இன்னொரு பெட்டி வாங்க வேண்டும் என்று பணத்தைப் பற்றித்தான் முணுமுணுத்தார்கள். விதி புரியவில்லையே என்று புலம்பினவர்கள் உண்டு. விதியை ஒளித்துவிட்டான் என்று யாரும் சொல்லவில்லை.

'கல்டிஸ்ட் சிமுலேட்டர்' லவ்கிராஃப்டின் பூதங்களைக் கடன் வாங்கவில்லை. அதன் தெய்வங்கள் கென்னடியின் சொந்தச் சிருஷ்டி. ஆனால் பாரிஸ் சீமாட்டியின் வீட்டில் ஒரு மனிதருக்குத் தற்செயலாக நேர்ந்ததை இது வேண்டுமென்றே ஆடுகிறவர்களுக்கெல்லாம் ஏற்படுத்துகிறது. சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு, ஆடும் முறையைச் சொல்லாமல் விலகி நிற்கிறது. இதைச் செய்தவர்கள் மறைக்கவுமில்லை. சோதித்துப் பார்த்துத்தான் கற்க வேண்டும் என்று பகிரங்கமாகவே சொன்னார்கள். அப்படியிருந்தும் வாங்கி ஆடிவிட்டுச் சண்டை போடுகிறார்களே என்றால், போடத்தான் செய்வார்கள். சமையல் காரம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதனால் சாப்பிட்டவன் கண்ணில் தண்ணீர் வராமல் இருக்குமா?

ஆடினவர்கள் எழுதுவதைக் கவனித்துப் படித்தால், சண்டை உண்மையில் ஆட்களுக்கிடையே இல்லை, மணிகளுக்கிடையே இருக்கிறது என்று தெரிகிறது. முதல் சில மணி நேரம் ஆடிவிட்டு எழுதினவர்கள் ஒன்று மயங்கியிருப்பார்கள், அல்லது ஆத்திரப்பட்டிருப்பார்கள். கனவில் மெழுகுவர்த்தி போன்ற ஏதோ வெளிச்சம். தெருவில் யாரோ பின்தொடர்கிற உணர்ச்சி. எந்தச் சீட்டு எதற்கு என்று புரியாத தவிப்பு. மேஜையில் 'அச்சம்' என்று ஒரு கறுப்புச் சீட்டு வந்து விழுந்ததும் நெஞ்சு திக்கென்கிறது. அது மூன்று சேர்ந்தால் விரக்தியில் முடிவு என்பது முதல் தடவை யாருக்கும் தெரியாது. 'மயக்கம்' என்று மற்றொரு சீட்டு. அதுவும் மிஞ்சினால் புத்தி பேதலித்து முடிவு. ஆனால் மயக்கத்தை அச்சத்தைக் கொண்டு தணிக்கலாம். இதைத் தானாகக் கண்டுபிடித்தவனுடைய சந்தோஷத்தை நான் அறிவேன். பயம் சில சமயம் மனிதனைக் காப்பாற்றும் என்று ஒரு நாவலில் ஐம்பது பக்கம் எழுதிச் சொல்ல வேண்டியதை, ஒரு சீட்டைத் தூக்கிப் போட வைத்துச் சொல்லிவிடுகிறான் இந்தக் கென்னடி.

முப்பது மணி, நாற்பது மணி ஆடினவர்கள் எழுதுவது வேறு தினுசு. அவர்களுக்கு விதிகள் தெரிந்துவிட்டன. அச்சம் வந்தால் எதைப் போட வேண்டும், போலீஸ் பின்தொடர்ந்தால் யாரை ஏவ வேண்டும், எந்தச் சடங்குக்கு எந்த அளவு வித்தை வேண்டும் எல்லாம் மனப்பாடம். அதன் பிறகு மிஞ்சுவது சீட்டை அடுக்குவது, கடிகாரம் தீரும்வரை காத்திருப்பது, எடுப்பது, மறுபடி போடுவது. துண்டு வித்தைகள் இரண்டைச் சேர்த்து ஒரு பெரிய துண்டு. பெரிய துண்டுகள் இரண்டைச் சேர்த்து அதைவிடப் பெரியது. மேஜையில் சீட்டு இடம் மாறிக் கிடந்தால் எரிச்சல். ஆட்டத்தை நிறுத்திவைத்து அடுக்கிக்கொள்ளலாமே என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அடுக்குவதே வேலையாகிவிட்டது என்பதுதானே புகார்! இந்தக் கட்டத்தில்தான் 'குமாஸ்தா வேலை' என்ற சொல் வருகிறது.

அந்தப் புகார் நூற்றுக்கு நூறு வாஸ்தவம். குறையாகச் சொல்லப்பட்டதுதான் இந்த விளையாட்டைப் பற்றிய மிகச் சரியான வர்ணனை என்றுகூடச் சொல்வேன். தெய்வங்களை எழுப்புகிறவனும் வாடகை கொடுத்தாக வேண்டும். ஆல்டன் துரையின் அதட்டலுக்கு ஆபீஸில் தலையாட்டிவிட்டு, ராத்திரி வந்து சடங்கு செய்தாக வேண்டும். லவ்கிராஃப்டின் கதைகளில் வருகிறவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்கள், பழைய குடும்பத்துக் கனவான்கள். அவர்களுக்கு அடுத்த வேளைச் சோறு எங்கிருந்து வருகிறது என்று அவர் எழுதுவதே இல்லை. தம் வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்வியோடு மல்லாடினவர், கதைக்குள் அதை ஏன் விடவில்லை? வெட்கமாக இருக்கலாம்; இலக்கியத்துக்கு அது லாயக்கில்லை என்ற எண்ணமாக இருக்கலாம். அவர் விட்டதை இந்த விளையாட்டு எடுத்துக்கொண்டிருக்கிறது. நட்சத்திர வெளியின் பூதத்துக்கு மட்டுமா நம்மைத் தெரியாது? நிமிஷத்துக்கு ஒரு தடவை காசெடுக்க வருகிற அந்தக் கட்டத்துக்கும்தான் தெரியாது.

இருந்தாலும் குறை சொல்கிறவர்களுக்கு ஒன்று விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். அலுப்பை வர்ணிக்கிற எழுத்து அலுப்பாக இருக்கலாகாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். பத்து மணி நேரம் கட்டி வளர்த்த ஆள், ஒரு கடிகாரத்தைக் கவனிக்காத குற்றத்துக்காகச் செத்துப்போய், மறுபடி முதலிலிருந்து கூலி வேலை தொடங்கு என்றால், வேலைக்குப் போய்விட்டு வந்து ராத்திரி ஒரு மணி நேரம் ஆடுகிறவனுக்கு அது கொடுமைதான். செத்தவனுடைய கதை அதோடு முடியாமல், அவனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டராகவோ அவனைத் துரத்தின துப்பறிவாளராகவோ மறு ஆட்டம் தொடங்க வழி வைத்திருப்பது அழகான யோசனை. அழகு இருக்கட்டும், என் பத்து மணி நேரம் எங்கே என்று கேட்கிறவரிடம் அழகைக் காட்டிப் பயன் இல்லை.

ஆகவே பலர், விதிகளைப் பிறர் தொகுத்து வைத்திருக்கும் குறிப்புகளைத் தேடிப் போகிறார்கள். போனவர்களை மற்ற கோஷ்டி இளப்பமாகப் பார்க்கிறது. கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற நாவல் வாசகர் மாதிரி என்கிறது. நான் அந்த வாசகர்களையும் மதிக்கிறவன். முடிவு தெரிந்த பிறகும் படிக்க முடியாத நாவல் என்ன நாவல்? 1980-ல் ஆக்ஸ்போர்டு தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டமெட், டாரட் முதலில் வெறும் ஆட்டமே என்று பழைய விதிகளையெல்லாம் திரட்டிப் பெரிய புத்தகம் எழுதி நிரூபித்தார். அதனால் ஜோசியக் கட்டு விற்பது நிற்கவில்லை. பிரான்ஸில் இன்றும் டாரட்டைத் துருப்பு ஆட்டமாக ஆடுகிறவர்கள் ஏராளம். அவர்களும் ஜோசியத்தைக் கண்டு ஆட்டத்தை விட்டுவிடவில்லை. வெதர் ஃபாக்டரிக்காரர்களே தங்கள் 'வேளை'த் தெய்வங்களை வைத்து ஒரு டாரட் கட்டு அச்சிட்டு விற்றார்கள். அதை வாங்கினவர்களில் எத்தனை பேருக்குத் துருப்பு வெட்டத் தெரியும் என்று கேட்க எனக்கு ஆசை.

2023 ஆகஸ்டில் அதே ஸ்தாபனம் 'புக் ஆஃப் அவர்ஸ்' என்று அடுத்த விளையாட்டைக் கொண்டுவந்தது. பமீலா ஸ்மித் கடனோடு இறந்த அதே கார்ன்வால் கரையோரம். பாழடைந்த ஒரு பெரிய மாளிகையில் ஒரு நூலகம். நீங்கள் அதன் நூலகர். அறை அறையாகத் திறந்து, புத்தகம் புத்தகமாக எடுத்துப் படித்து, அலமாரியில் அடுக்கலாம். இங்கே பசி இல்லை, பட்டினிச் சாவு இல்லை, துரத்துகிறவன் இல்லை. விதிகளை மட்டும் வழக்கம்போல் சொல்லவில்லை. எது எதோடு சேரும் என்று தாங்களே குறித்துவைத்த நோட்டுப் புத்தகங்களையும் பெரிய பெரிய அட்டவணைகளையும் ஆடினவர்கள் பெருமையோடு காட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய அபிப்பிராயங்களையும் படித்தேன். நிம்மதியாக இருக்கிறது, சாயங்காலத்தில் டீயோடு உட்கார்ந்து ஆட இதுவே சுகம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். வேறு சிலர், எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முந்தியதில் காசு தீரும்போது ஒரு நடுக்கம் வருமே, அது இதில் இல்லையே என்று குறைப்பட்டிருக்கிறார்கள்.